ஜீனோவுக்குப் புரிந்ததா?

இரண்டாமாண்டு மாணவன், மின்னணுவியல் – தொடர்பியல் துறை

மலர்க் குழுவினர் என்னிடம் "ஏதாவது அறிவியல் கட்டுரை எழுதிக் கொடு" என்று கேட்டபோது, முதலில் ஒளியிழையைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் விட்டேன். ஆனால் நாலு மாதமாக நானும் இன்னும் இரண்டு பேரும் சாயந்திரமானால் சண்டை போட்டுக்கொண்டிருப்பது ஒரு நாயைப் பற்றி. அதுவும் இயந்திர நாய். மனசு அங்கே கிடக்கும்போது ஒளியிழை எப்படி ஓடும்? ஆகவே நாய்.

சண்டை நடக்கும் இடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு டி.வி. ரிப்பேர் கடை. காலேஜ் விட்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கியதும் ராத்திரி எட்டு மணி வரை அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஒருநாள் யாரோ பழைய பெட்டி டி.வி. ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்மூடியைக் கழற்றித் தூசியை ஊதிக்கொண்டே கடை அண்ணன் சொன்னார்: "இந்த மாதிரிப் பெட்டியிலதான் தம்பி நாங்க ஜீனோ பார்த்தோம். எதிர்வீட்டு மாமா வீட்டுல. இருபது பேரு தரையில உட்கார்ந்து." அவருக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. அன்றைக்கு எட்டாம் வகுப்பாம்.

எனக்கு ஜீனோ யாரென்று தெரியாது. கிளை நூலகத்தில் கேட்டு, புத்தகத்தை எடுத்துவந்தேன். முசிறியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் என் மெக்கானிக்கல் நண்பனும் அதே புத்தகத்தை இரண்டே நாளில் முடித்தான். அன்றிலிருந்து மூன்று கட்சி.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. கதை நடக்கும் காலம் 2021 வாக்கில். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். நிலா என்ற பெண்ணுக்கு அந்த அனுமதி வருகிற நேரத்தில் அவள் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவி என்று ஒருவன் அவள் வீட்டுக்குக் குடிவருகிறான், கூடவே அவனுடைய இயந்திர நாய் ஜீனோ. ரவியும் அவன் நண்பன் மனோவும் ஜீவாவைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிறவர்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, வெறும் ஹோலோகிராம் பிம்பம்! பிறகு நிலாவையே அரியணையில் உட்காரவைத்து அந்த இரண்டு பேரும் பின்னாலிருந்து ஆட்டுகிறார்கள். இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'.

எழுதியவர் நம்மூர்க்காரர் என்று சொன்னால் ஸ்ரீரங்கத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். பிறந்தது சென்னை திருவல்லிக்கேணி (1935), வளர்ந்தது இங்கே பாட்டி வீட்டில். இயற்பெயர் ரங்கராஜன். சுஜாதா என்பது அவர் மனைவியின் பெயர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தார். பிறகு பெங்களூர் பெல்லில் வேலை. திருச்சிக்காரர்களுக்குப் பெல் என்றால் திருவெறும்பூர் பெல்தான். இது அது இல்லை, பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த இயந்திரம் 1982ல் கேரளத்தில் பரவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. பகலில் ஓட்டுப்போடும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய மனுஷர், கதையில் ஓட்டே இல்லாத தேசத்தை எழுதினார் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. 2008 பிப்ரவரியில் காலமானார். தாம் எழுதிய 2021ஐ அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அப்பாவின் ஒரே போனில் நானும் தங்கையும் முறைவைத்து ஆன்லைன் வகுப்பு கவனித்த வருஷம் அது.

முதல் சண்டை ஜீவாவைப் பற்றி வந்தது.

"ஒரு நாடு முழுக்க ஏமாறுமாடா? ஒருத்தனாவது கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க மாட்டானா? அங்கேதான் கதை ஓட்டை" என்றான் முசிறிக்காரன். கடை அண்ணனோ, "அந்த எபிசோடு பார்த்துட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரல தம்பி. ஓட்டைங்கிற, போடா" என்றார்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த அனுமதியுங்கள். சாதாரணப் புகைப்படம் ஒளி எவ்வளவு பிரகாசமாக வருகிறது என்பதை மட்டும்தான் பதியும். ஹோலோகிராம் அந்த ஒளியலை எந்த நிலையில், எந்தக் கட்டத்தில் வந்து சேருகிறது என்பதையும் சேர்த்துப் பதியும். ஒரே லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின் மேல் பட்டுச் சிதறவிட்டு, மற்றொன்றை நேராகத் தகட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டும் தகட்டில் மோதும்போது உண்டாகும் நுண்ணிய கோடுகள்தான் பதிவு. பிறகு அதே மாதிரி ஒளியைக் காட்டினால் பொருள் அங்கேயே இருப்பது போலத் தெரியும். தலையைச் சாய்த்தால் பக்கவாட்டும் தெரியும். தகடு உடைந்தால் ஒரு துண்டிலும் முழு உருவம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். டென்னிஸ் கேபர் என்ற ஹங்கேரியர் 1947ல் இதைக் கண்டுபிடித்தார். ஆனால் 1960ல் லேசர் வந்த பிறகுதான் உருப்படியான படம் கிடைத்தது. 1971ல் அவருக்கு நோபல் பரிசு.

ஆக ஹோலோகிராமுக்குத் தகடு வேண்டும். வெறும் காற்றில் ஒளி நின்று பேசாது. எதன் மேலாவது பட்டால்தான் நம் கண்ணுக்குத் திரும்பிவரும். மேடைகளில் "ஹோலோகிராம்" என்று காட்டுவது பெரும்பாலும் வேறு வித்தை. அதை லண்டனில் 1862ல் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் காட்டினார். எங்கே தெரியுமா? ராயல் பாலிடெக்னிக்கில்! (பாலிடெக்னிக்காரர்கள் என்றால் சும்மாவா?) மேடையில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, கீழே மறைவாக ஒரு ஆளை நிற்கவைத்து அவன் மேல் பலத்த வெளிச்சம் அடித்தார். அவன் பிம்பம் மேடையில் ஆவி மாதிரி நடந்தது. புரியவில்லையென்றால் ராத்திரி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காவிரிப் பாலத்தில் வெளியே பாருங்கள். உங்கள் முகம் ஆற்றுக்கு மேல் மிதந்துகொண்டே வரும். அவ்வளவுதான் பெப்பரின் ஆவி.

2014 தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர்களில் தோன்றிப் பேசியது இந்த வித்தையின் நவீன வடிவம்தான். 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில், 2018ல் மறைந்த கலைஞரைச் செயற்கை நுண்ணறிவால் பேசவைத்தார்கள். இவர்களை ஜீவாவோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்ல வருவது கண்ணாடி, திரை, கணினி பற்றி மட்டுமே.

இவ்வளவையும் சொன்ன பிறகு நண்பனிடம் நான் கேட்டேன்: "சாய்ந்த கண்ணாடி வித்தை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால்தான் பலிக்கும். சுற்றி வந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அப்படின்னா ஜீவாவுக்கு என்ன வேணும்? விஞ்ஞானமா?" அவன் யோசித்துவிட்டு, "கயிறு கட்டித் தள்ளி நிற்கவைக்க ஆள் வேணும்" என்றான். ஆமாம். பக்கத்தில் போக முடியாதபடி பார்த்துக்கொள்ள நாலு காவலர் இருந்தால் தலைவருக்கு உடம்பு தேவையில்லை. கதையில் இருந்த ஓட்டை அங்கேயே அடைபட்டது. ஒரு பாயின்ட் அண்ணனுக்கு.

நிலாவைப் பற்றிய சண்டை எங்கள் வீட்டில் நடந்தது. அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். பஸ் போர்டு, சுவர் விளம்பரம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். புத்தகம் முடியாது. அம்மா சாத்தார வீதிப் பூக்கடைகளுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறார். நான் புத்தகத்தை வைத்துச் சிரிப்பதைப் பார்த்து, "சத்தமாப் படிடா, நாங்களும் சிரிக்கிறோம்" என்று அம்மா சொல்ல, தினம் ராத்திரி அரைமணி நேரம் வாசிப்பு என்று ஆகிவிட்டது. பூக் கட்டும் கை நிற்காது. காது மட்டும் இங்கே.

இரண்டெழுத்துப் பெயர் என்றதும் அப்பா சிரித்தார், "நம்ம குலதெய்வம் பேரு இவங்க கணக்குல வராதே." பிள்ளை பெற அனுமதி என்றதும் அம்மா சிரிக்கவில்லை. இது முழுக்கக் கற்பனை இல்லை என்று நான் விளக்கினேன். சீனாவில் 1980 வாக்கிலிருந்து 2015 வரை ஒரு குழந்தைதான் என்று சட்டம் இருந்தது. நம் நாட்டிலும் 1975–77 நெருக்கடி நிலையின்போது கட்டாயக் கருத்தடை நடந்தது. அம்மா கேட்டார்: "நிலா என்ன தப்புப் பண்ணா? கடைசி வரைக்கும் ஒவ்வொருத்தனும் அவளுக்கு அனுமதிதானே குடுக்குறான்?" நாங்கள் மூன்று பேரும் கடையில் நிலாவை 'சொல்பேச்சுக் கேட்கும் பொம்மை, பாத்திரம் பலமில்லை' என்று ஒதுக்கிவிட்டிருந்தோம். அம்மா சொன்னதும்தான் உறைத்தது. அனுமதி கொடுத்த ஜீவாவும் பிம்பம். அரியணை கொடுத்த ரவி, மனோவும் அவளைப் பிம்பமாக்கத்தான் கொடுத்தார்கள். மறுநாள் கடையில் இதை என் சொந்தக் கருத்து போலச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அம்மாவிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, நாய்க்கு வருவோம்.

ஜீனோ வெறும் விளையாட்டுச் சாமான் மாதிரிதான் கதைக்குள் வருகிறது. ஆனால் புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்கக் கிண்டல் பேசுகிறது, யோசனை சொல்கிறது, எஜமானனைத் தாண்டி முடிவெடுக்கிறது. கடை அண்ணனுக்கு அதுதான் கதாநாயகன். முசிறிக்காரன் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அது படிச்சதைத் திருப்பிச் சொல்லுது மாப்ளே. எல்லாம் மனப்பாடம். புரிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றே?"

இந்தக் கேள்வி அவனுடையது மட்டுமல்ல, பெரிய பெரிய தலைகளுடையது. ஆலன் டூரிங் 1950ல் ஒரு சோதனை சொன்னார்: மறைவிலிருந்து எழுத்தில் பேசும்போது மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிக்க முடியவில்லையென்றால், இயந்திரம் யோசிக்கிறது என்று ஒப்புக்கொண்டால் என்ன? இதற்கு 1980ல் ஜான் சர்ல் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் மறுப்புச் சொன்னார். ஒரு அறைக்குள் ஒரு ஆள். அவனுக்குச் சீன மொழி ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. கையில் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது: இந்த வடிவம் உள்ளே வந்தால் அந்த வடிவத்தை வெளியே அனுப்பு என்று. வெளியிலிருந்து சீனமொழியில் கேள்வி போடுகிறார்கள். இவன் புத்தகத்தைப் பார்த்துச் சரியான பதிலை அனுப்புகிறான். வெளியே இருப்பவர்கள் 'உள்ளே சீனம் தெரிந்தவன் இருக்கிறான்' என்று நம்புவார்கள். ஆனால் அவனுக்கு எதுவுமே புரியவில்லை! கணினியும் இப்படித்தான் என்றார் சர்ல்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. ஜீனோவின் காலமும் ஏறக்குறைய அதுதான் என்பதைக் கவனியுங்கள். ஏராளமான எழுத்தைப் படித்துவைத்துக்கொண்டு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துப் பதில் சொல்லும் ஏற்பாடு அது. முசிறிக்காரன் போனை நீட்டி, "இதோ உன் ஜீனோ. இதுக்குப் புரியுதுங்கிறியா?" என்றான்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. நாய்க்காக ஏன் இவ்வளவு கோபம் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கே வந்ததும் எல்லாம் ஆங்கிலம். முதல் செமஸ்டரில் பாடங்களை வரி வரியாக உருப்போட்டேன். எந்தச் சொல்லில் கேள்வி தொடங்கினால் எந்தப் பத்தியை எழுதுவது என்று எனக்குள் ஒரு விதிப்புத்தகமே இருந்தது. மார்க்கும் வந்தது. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன், அறுபத்தெட்டு சதவீதம் என்று அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு செய்முறைத் தேர்வில் ஒருவர் கையில் ஒரு டையோடைக் கொடுத்து, "இதைத் திருப்பிப் போட்டா என்னப்பா ஆகும்?" என்று தமிழில்தான் கேட்டார். நான் டையோடின் வரையறையை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி ஒப்பித்தேன், இன்னும் வேகமாக. அவர் சிரித்துவிட்டார். பின்னால் நின்ற பையன்களும்.

டையோடு புரிந்தது கடையில்தான். ஒரு பவர் சப்ளையில் நாலு டையோடு மாற்றச் சொன்னார் அண்ணன். 4007 டையோடின் ஒரு முனையில் வெள்ளிக்கோடு இருக்கும். மின்சாரம் கோடில்லாத பக்கமிருந்து கோட்டுப் பக்கம்தான் போகும், திரும்பி வராது. நான் நாலில் ஒன்றைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் பட்டென்று ஃபியூஸ் போனது. அண்ணன் திட்டவில்லை. "ஏன் போச்சு, சொல்லு" என்றார். தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். மாறுதிசை மின்சாரத்தின் ஒரு அரைச்சுற்றில் தலைகீழ் டையோடும் பக்கத்து டையோடும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர்வழி திறந்துவிட்டிருந்தன, ஷார்ட்! அந்த நிமிஷம், ஆறு மாதத்துக்கு முன் உருப்போட்ட அந்த ஆங்கில வரி தானாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சொல்லாகப் புரிந்தது. அந்த வரி உள்ளே இல்லாவிட்டால் புரிவதற்கு எதுவும் இருந்திருக்காது என்பது என் கட்சி. மனப்பாடம் முதலில் வரும், புரிதல் பின்னால் வரலாம். எனக்கு வந்தது ஜீனோவுக்கு ஏன் வராது?

முசிறிக்காரன் விடவில்லை, அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. "உனக்கு ஃபியூஸ் போச்சு, வெட்கமா இருந்தது, அண்ணன் முகத்தைப் பார்த்தே. அந்தச் சாட்ஜிபிடிக்கு எந்த ஃபியூஸ் போகுது?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. சர்லின் மறுப்பாளர்கள் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள்: அறைக்குள் இருப்பவனைப் பூட்டிவைக்காமல் கண், கை, கால் கொடுத்து வெளியே நடக்கவிடு, அப்போது பார்க்கலாம் என்று. சர்ல் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஜீனோவுக்கு நாலு கால் உண்டு, அது வீட்டுக்குள் திரிகிறது, நிலாவோடு வெளியே போகிறது, ஆபத்தில் மாட்டுகிறது. போனுக்குள் இருப்பதையும் ஜீனோவையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்ற அளவுக்கு நண்பன் இறங்கிவந்தான். நானும் அவ்வளவுக்கு இறங்கினேன்.

நடுவில் கடை அண்ணன் ஒரு கேள்வி போட்டார்: "ஜீனோவை ஸ்க்ரூ ஸ்க்ரூவாக் கழட்டினா அது ரிப்பேரா, கொலையா?" அவர் தொழிலே கழற்றுவது, அதனால் கேட்கிறார் என்று சிரித்தோம். ஆனால் ஜப்பானில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது. சோனி நிறுவனம் 1999ல் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்கு விட்டது. 2006ல் தயாரிப்பை நிறுத்தியது. 2014ல் பழுது பார்ப்பதையும் நிறுத்தியது. அதற்குப் பிறகு ஒரு ஐபோவைப் பிழைக்கவைக்க வேண்டுமென்றால் இன்னொரு ஐபோவின் உறுப்புகளைத்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் அந்த நாய்களை வரிசையாக வைத்து ஒரு பௌத்தக் கோயிலில் இறுதிச் சடங்கு செய்தார்கள். ஐபோவுக்கு ஜீனோவின் புத்தியில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனாலும் அழுதிருக்கிறார்கள். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, பாகங்களுக்காக அலமாரியில் கழற்றிப் போட்டிருந்த பழைய போர்டுகளை ஒருதரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

புத்தகம் முடிந்த ராத்திரி அப்பாவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். ஜீனோவுக்குப் புரிந்ததா, மனப்பாடமா? சீன அறை, டூரிங் எல்லாம் சொன்னேன். செய்முறைத் தேர்வில் நடந்ததையும், அதுவரை வீட்டில் சொல்லாததை, சொன்னேன். அப்பா கொஞ்சநேரம் காலை அமுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த நாய்க்கு யாராச்சும் பரீட்சை வச்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"அப்ப எதுக்குப் படிச்சுது?"

மறுநாள் இதை முசிறிக்காரனிடம் அப்பா பெயரைச் சொல்லியே சொன்னேன். (முந்தைய தப்பைத் திருப்பிச் செய்யவில்லை.) அவன் வழக்கம்போல உடனே மறுத்துப் பேசவில்லை. டீ ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "உங்கப்பாவை ஒருநாள் கடைக்குக் கூட்டிக்கிட்டு வாடா" என்றான்.

கடை அண்ணன் மட்டும், நூலகத்துக்குத் திருப்பும் முன் புத்தகத்தை இரண்டு நாள் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். விசாரித்தால், கடைசி வார எபிசோடின்போது அவர்கள் தெருவில் கரண்ட் போய்விட்டதாம். கதை எப்படி முடிந்தது என்று தெரியாமலேயே மனுஷர் நாலு மாதம் எங்களோடு வாதாடியிருக்கிறார்!